பரணில் கிடைத்த கதை நோட்டு: எப்படிக் காப்பாற்றுவது, எழுதியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலாற்றுமணல் (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு கதை நோட்டு கிடைத்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. நடுவில் இரண்டு பின், இரண்டும் துரு. முதல் பாதி பென்சில், மீதி நீல மை. ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது. கடைசி ஆறு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. பெயர் எழுதிய லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. மடிப்பில் மாவு மாதிரி பொடி.

வீட்டில் மூன்று பிள்ளைகள். பிறந்த வருஷம் அண்ணன் 1968, அக்கா 1973, நான் 1978. யார் எழுதியது என்று மூன்று பேருக்கும் நினைவில்லை.

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, லேமினேட் செய்துவிடலாமா? இரண்டு, எந்த வருஷத்து நோட்டு என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மூன்று, பிழை திருத்தி டைப் அடித்து, சின்னப் புத்தகமாகப் போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

---

பைண்டிங்மேசை (வேலூர்)

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே தாள் தன் பாட்டுக்குப் பழுத்துக்கொண்டே போகும். செல்லோ டேப்பும் கூடாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் டேப் உரிந்து, பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தங்கிவிடும்.

அந்தப் பொடி இருக்கிறதே, அதை முதலில் பாருங்க. பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். நோட்டை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப் போட்டு நன்றாக மூடுங்க. அதற்கு மேல் இன்னொரு பை. ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் இருக்கட்டும். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு முழு நாள் வெளியே வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். நம்ம ஊர்க் காற்றில் குளிர்ந்த தாளைத் திறந்தால் அதன் மேல் ஈரம் கட்டும். நீல மை பேனா மையாக இருந்தால் அந்த ஈரத்திலேயே கசிந்துவிடும்.

அந்துருண்டை வைப்பதற்குப் பதில் இது நல்லது. அந்துருண்டை வாசனை இராமபாணப் பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், முட்டையைக் கொல்லாது. கையில் எடுப்பவருக்கும் தலைவலி.

பிறகு சுத்தம். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, முகமூடி போட்டு, ஒரு அங்குல மெல்லிய மயிர்ப் பிரஷ்ஷால் நடு மடிப்பிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளுங்க. பென்சில் எழுத்து இருக்கிற இடத்தில் அழுத்தவே கூடாது. ரப்பர், ஈரத் துணி, பஞ்சு எதுவும் வேண்டாம்.

பின்னைப் பிடுங்காதீங்க. நோட்டை நடுவில் திறந்து, மடங்கிய இரண்டு காலையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, பிறகு வெளிப்பக்கமிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். துரு தாளோடு ஒட்டியிருந்தால் கத்திக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சொருகிக்கொள்ளுங்க. தாள் கிழியாது. ஸ்கேன் முடிந்ததும் அதே ஓட்டையில் பருத்தி நூலால் தைத்துக்கொள்ளலாம். புதுப் பின் போட்டால் அதுவும் ஒரு நாள் துருப்பிடிக்கும்.

---

பாலாற்றுமணல்

ரொம்ப நன்றி அண்ணா. ஒட்டின ஆறு பக்கத்தை ஆவி காட்டிப் பிரிக்கலாமா?

---

பைண்டிங்மேசை

ஆவி கூடாது. முதலில் மையைச் சோதித்துப் பாருங்க. எழுத்தில்லாத ஓரத்தில் சிந்திய ஒரு மைப்புள்ளி இருந்தால், லேசாக நனைத்த காதுப் பஞ்சின் நுனியை அதில் ஒரு நொடி வைத்து எடுங்க. பஞ்சில் நீலம் ஏறினால் அது தண்ணீரில் கரையும் பேனா மை. ஆவி பட்டால் இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றாகிவிடும். நீலம் ஏறாவிட்டால் பால்பாயின்ட்டாக இருக்கலாம். அது எண்ணெய் மை. தண்ணீருக்குத் தாங்கும், வெயிலுக்கு வெளுக்கும்.

எந்த மையாக இருந்தாலும் முதலில் ஈரம் படாமல், காய்ந்தபடியே பிரித்துப் பாருங்க. ஏதாவது ஒரு மூலை விட்டிருக்கும். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, தாளோடு படுத்த மாதிரி, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்க. தடை வந்தால் நிறுத்திவிட்டு அடுத்த மூலையில் ஆரம்பிங்க. நாலு மூலையிலும் தடை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஒட்டியிருந்தால் ஒன்றும் குறையில்லை, கிழிந்தால் போனது போனதுதான்.

---

காட்பாடிஜங்ஷன்

ஸ்கேன் பற்றி நான் சொல்கிறேன்.

பிளாட்பெட் ஸ்கேனர் (கண்ணாடி மேல் தாளைப் படுக்க வைப்பது) கிடைத்தால் மை எழுதிய பக்கத்துக்கு 400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), பென்சில் பக்கத்துக்கு 600. இரண்டுமே கலரில். கறுப்பு வெள்ளை வேண்டாம். பழுப்புத் தாளில் மங்கிய பென்சிலைப் பிரித்துக் காட்டுவது நிற வித்தியாசம்தான். டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் படக் கோப்பு) ஆகச் சேமிங்க. நோட்டுப் பக்கம் 16 × 20 செ.மீ. என்று வைத்தால் 600 டிபிஐ-யில் பக்கத்துக்கு 50 எம்பி-க்குக் கொஞ்சம் மேலே வரும். நாற்பது பக்கமும் சேர்ந்து இரண்டு ஜிபி சுமார். இன்றைக்கு அது ஒரு பெரிய இடமில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்ப மட்டும் ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்க.

போனில் எடுப்பதானால் ஃபிளாஷ் போடக் கூடாது. காலை ஒன்பது, பத்து மணிக்கு வடக்குப் பக்க ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம். போன் தாளுக்கு இணையாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே மரச்சட்டம் போட்டு, போனை அதில் வைத்தால் கை ஆடாது. ஸ்கேன் ஆப்களில் தாளை வெளுப்பாக்கிக் காட்டும் வசதி இருக்கும், அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்க. அழித்து எழுதிய தடம் எல்லாம் அதில்தான் காணாமல் போகும்.

அழித்த தடம் முக்கியம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து அடிங்க. பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். பிள்ளைகள் பென்சிலை நன்றாக அழுத்தி எழுதுவார்கள், அதனால் ரப்பர் போட்ட இடத்திலும் பாதிச் சொல்லாவது கிடைக்கும். வெளிச்சத்தை இடமிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை அடித்து இரண்டு படம் எடுங்க. தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் ஒரே திசை வெளிச்சத்தில் முழுசாகத் தெரியாது.

அட்டை, பின்னட்டை வாய்ப்பாடு, வெற்றுப் பக்கம், கடைசிப் பக்கக் கிறுக்கல் எதையும் விடாதீங்க. காலம் சொல்வது பெரும்பாலும் கதை அல்ல, அட்டைதான்.

---

பழையபுத்தகம் (ராணிப்பேட்டை)

காட்பாடி சொன்னது சரி. நண்பரே, அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அப்படியே எழுதுங்க. கூடவே கதையில் நாலைந்து வரி. ஒரு எழுத்துகூட மாற்றாமல் வேண்டும். "னை", "லை", "ளை", "ணை" நாலும் எந்த உருவில் இருக்கிறது என்றும் பாருங்க. முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துப் போட்டதா, இப்போது எழுதுகிற மாதிரி இரட்டைச் சுழிக் கொம்பா?

---

பாலாற்றுமணல்

அட்டையில் கடைப் பெயர் பாதி போய்விட்டது. கீழே "வட ஆற்காடு மாவட்டம்" என்றும் 632 என்று தொடங்கும் பின்கோடும் இருக்கிறது. தும்பிக்கை எழுத்து சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வருகிறது. சிவப்பு மையில் யாரோ திருத்தியிருக்கிறார்கள், அதில் எல்லாமே புது எழுத்து.

பதினோராம் பக்கத்திலிருந்து:

"ராஜா கோட்டைல இருந்து சொரங்கத்துல போனான். அப்பறம் அகழி வந்திச்சி. அதுல ஒரு முதலை இருந்துது. முதலை சொல்லிச்சி எனக்கு பசிக்கிது நீ இன்னா கொண்ணாந்தே. ராஜா முள்ளு கத்திரிக்கா கொயம்பு குடுத்தான். முதலை துன்னுட்டு அயுதுது. காரம். அப்ப ஜலகண்டேஸ்வரர் கோயில்ல பூஜை மணி அடிச்சிது. அய்யரு வந்து முதலைக்கி தீர்த்தம் குடுத்தாரு."

---

பழையபுத்தகம்

அருமையான சாட்சி கொடுத்திருக்கீங்க. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதற்கு முந்தைய அட்டை இல்லை. வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பரில் பிரிந்தது. இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். வெறும் "வட ஆற்காடு" என்று இருப்பதால் பெரும்பாலும் 1972-க்கும் 1989-க்கும் இடையில். பழைய அட்டையைத் தீரும்வரை விற்பார்கள் என்பதால் கடைசி எல்லையை ஓரிரண்டு வருஷம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கோயில். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நீண்ட காலம் மூலவர் இல்லாமல், பூஜை இல்லாமல் கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில்தான் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கோட்டையில் பூஜை மணி அடிக்கிறது, அய்யர் தீர்த்தம் கொடுக்கிறார் என்று ஒரு பிள்ளை இவ்வளவு சாதாரணமாக எழுத வேண்டுமென்றால் அது 1981-க்குப் பிறகாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கற்பனை என்றும் வாதாடலாம். ஆனால் எட்டு வயசுப் பிள்ளை முதலையைப் பேச வைக்கும், பூஜை இல்லாத கோயிலில் மணி அடிக்க யோசிக்காது.

மூன்றாவது எழுத்து. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978 அக்டோபரில். ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை நாலும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்து மாறியது. உங்கள் அண்ணன் நாலாவது படித்தது 1976, 77 வாக்கில். அவர் எழுதியிருந்தால் முழுக்கத் தும்பிக்கையாக இருந்திருக்கும், கோயில் பூஜையும் வந்திருக்காது. நீங்கள் ஒன்றாவது சேர்ந்தது 1983 வாக்கில், புத்தகம் எல்லாம் புது எழுத்து. அக்கா ஒன்றாவது சேர்ந்தது 1978 ஜூன் என்றால் அப்போது கைக்கு வந்த புத்தகம் பழைய எழுத்து, அடுத்தடுத்த வகுப்பில் புது எழுத்து. கை பழசையும் புதுசையும் கலந்து எழுதுவது அந்த ஓரிரு வருஷத்துப் பிள்ளைகளிடம்தான் அதிகம்.

என் கணக்கு: 1981, 82. அக்கா.

---

தோட்டப்பாளையம்டீச்சர்

பழையபுத்தகம் சார் சொன்னதை ஏற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் 1983-இல் சேர்ந்த பிள்ளையும் தும்பிக்கை போடும். அதனால் அக்காவின் இப்போதைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு எழுத்தும் மாறியிருக்கும். ஆனால் பேனா எங்கே தொடங்குகிறது என்பது அதிகம் மாறாது. "க" எழுதும்போது மேல்கோட்டை முதலில் போடுகிறார்களா கடைசியிலா, "ழ" காலை எந்தப் பக்கம் வளைக்கிறார்கள், புள்ளியை வட்டமாக வைக்கிறார்களா கோடாக இழுக்கிறார்களா, இந்த மூன்றும் போதும்.

இனி மூன்றாவது கேள்வி. பிழையைத் திருத்தாதீர்கள். ஏன் என்று அந்த ஏழெட்டு வரியிலேயே காட்டுகிறேன்.

"கொயம்பு", "அயுதுது" இரண்டிலும் ழகரம் யகரமாக இருக்கிறது. வட ஆற்காட்டில் வீட்டுப் பேச்சு அப்படித்தான். ஆனால் "அகழி"யை அந்தப் பிள்ளை சரியாக எழுதியிருக்கிறது. குழம்பும் அழுகையும் காதால் கேட்டு வந்த சொல். அகழி பாடப் புத்தகத்தில் கண்ணால் படித்து வந்த சொல். திருத்திவிட்டால் எது வீட்டிலிருந்து வந்தது, எது பள்ளியிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.

படிக்கிற முறை ஒன்று சொல்கிறேன். ஸ்கேனைப் பிரின்ட் எடுங்கள், மூல நோட்டில் கோடு போடக் கூடாது. மூன்று கலர் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கதைப் பத்திரிகையிலிருந்து வந்ததற்கு ஒரு நிறம். அம்புலிமாமா 1947-இலிருந்து வந்துகொண்டிருந்தது, ராஜா, காடு, முனிவர், சாபம் எல்லாம் எந்தப் பிள்ளைக்கும் அங்கிருந்து கிடைக்கும். முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியது. கதையில் திடீரென்று மறைந்துபோகும் மனிதனோ விஞ்ஞானியோ வந்தால் அந்தப் பக்கம் பாருங்கள். பள்ளிக் கட்டுரையிலிருந்து வந்ததற்கு இரண்டாவது நிறம். "முன்னுரை", "நீதி", "இவ்வாறாக" என்று வரும் இடங்கள். மூன்றாவது நிறம் அந்தப் பிள்ளை தானே பார்த்ததற்கும் கேட்டதற்கும்.

நீங்கள் கொடுத்த வரிகளில் ராஜா பத்திரிகையிலிருந்து வந்தவர். சுரங்கமும் அகழி முதலையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பெரியவர்கள் சொன்ன சேதி. முதலைக்குப் பசிக்கிறது என்பதும் கேட்ட கதையாக இருக்கலாம். ஆனால் முதலைக்கு முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றுவது எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. "காரம்." என்று ஒரே சொல்லில் வாக்கியத்தை முடித்திருப்பதைக் கவனியுங்கள். ஏன் அழுதது என்று விளக்கவில்லை. "ஏனென்றால்" போடவில்லை. பெரியவர்கள் எழுதும்போது அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்துக் கெடுப்பார்கள்.

சாதாரணமாக இந்த வயசு எழுத்தில் "அப்பறம்" பக்கத்துக்குப் பத்து வரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். பிள்ளைக்குக் காரண காரியம் இன்னும் கைக்கு வரவில்லை, காலத்தை மட்டும் வைத்துக் கதையை நகர்த்துகிறது. எங்கே முதன்முதலாக "அதனால" வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து கதை வேறு மாதிரி ஓடும்.

---

ஆம்பூர்வாசகர்

டீச்சர் சொல்வது ஆராய்ச்சிக்குச் சரி. ஆனால் கேட்டவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறார். இப்போது மூணாவது படிக்கிற பிள்ளை "அயுதுது" என்று அச்சில் பார்த்தால் அதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளாதா? ஒரு நல்ல பிரதி திருத்தி வைப்பதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

---

தோட்டப்பாளையம்டீச்சர்

நியாயமான கேள்வி. கதைமாந்தர் பேச்சில் கொச்சை வரலாம் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே கதை சொல்பவரே அப்படிப் பேசுகிறார் என்பதுதான் சிக்கல், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எதிரெதிர்ப் பக்கம் போடலாம். இடது பக்கம் நோட்டின் படம், வலது பக்கம் இப்போதைய எழுத்தில். கண் இடது பக்கம் போனால் பிள்ளைக்கே புரியும், இது இன்னொரு பிள்ளை கையால் எழுதியது என்று. ஆனால் வலது பக்கத்திலும் எழுத்தை மட்டும் மாற்றுங்கள், வாக்கியத்தை மாற்றாதீர்கள். "காரம்." அப்படியே நிற்கட்டும்.

---

ஆம்பூர்வாசகர்

எதிரெதிர்ப் பக்கம் என்றால் எனக்கும் சம்மதம்.

---

காட்பாடிஜங்ஷன்

டைப் அடிக்கிற விஷயம். பிள்ளைக் கையெழுத்தை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) நம்பி விடாதீங்க. போனில் குரல் வழியாகத் தட்டச்சு செய்தால் வேகமாக முடியும், ஆனால் நீங்கள் "கொயம்பு" என்றால் அது தானாகவே "குழம்பு" என்று போட வாய்ப்பு உண்டு. அதனால் குரல் வழியாக அடிப்பது வலது பக்கப் பிரதிக்கு. உள்ளது உள்ளபடி எடுக்கும் பிரதியைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

உள்ளபடி அடிக்கும்போது நோட்டின் வரி எங்கே முடிகிறதோ அங்கே நீங்களும் முடிங்க. படிக்க முடியாத எழுத்துக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி. பிள்ளை கோடு போட்டு அடித்த சொல்லை அடித்தபடியே காட்டுங்க. சிவப்பு மைத் திருத்தத்துக்கு வேறு நிறம். புள்ளி வைக்காத மெய்யெழுத்துக்குப் புள்ளி சேர்க்காதீங்க. தும்பிக்கை எழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது, "லை" எப்படி அடித்தாலும் ஒரே குறியீடுதான், உருவம் எழுத்துருவைப் பொறுத்தது. எந்தெந்தச் சொல்லில் பழைய உருவம் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்.

---

பாலாற்றுமணல்

கையெழுத்து ஒப்பிட்டாகிவிட்டது. "ழ" கால் வளைவும், கோடு மாதிரி இழுத்த புள்ளியும் அக்காவுடையதுதான். அக்காவுக்கும் படம் அனுப்பினேன். குழம்பு வரியைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். புத்தகம் போட்டால் எத்தனை பக்கம் வரும், எந்த அளவு?

---

தோட்டப்பாளையம்டீச்சர்

அச்சுக்கு முன் அக்காவிடம் பக்கம் பக்கமாகக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் கதைக்குள் வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டார் பெயர், டீச்சர் மேல் கோபம் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்கிறாரோ அது ஸ்கேனில் மட்டும் இருக்கட்டும்.

---

பைண்டிங்மேசை

அக்கா சம்மதித்த பிறகு இந்தக் கணக்கு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். நோட்டு நாற்பது பக்கம், எதிர்ப்பக்கம் நாற்பது, முன்னால் பின்னால் நாலு, ஆக எண்பத்து நாலு. நாலால் வகுபடும். ஆனால் நடுப் பின்னுக்கு அது கொஞ்சம் தடிமன், உள்பக்கத் தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டும்போது எழுத்து போகும். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் அறுபத்து நாலு பக்கத்துக்கு மேல் என்றால் நூல் தையலோ பசை பைண்டிங்கோ கேளுங்க. ஒட்டிய ஆறு பக்கம் பிரியாவிட்டால் பன்னிரண்டு குறைந்து எழுபத்திரண்டு வரும், அப்போதும் அதே பேச்சுதான்.

அளவு டெம்மியில் (அச்சுத்தாளின் ஒரு வழக்கமான அளவு) எட்டில் ஒன்று. நோட்டுப் படம் கொஞ்சம் சுருங்கினாலும் எழுத்து படிக்க வரும். பளபளத் தாள் வேண்டாம், பென்சில் படம் அதில் சாம்பலாகத் தெரியும். நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ (பளபளப்பில்லாத, லேசாக மஞ்சள் கலந்த அச்சுத்தாள்) கேளுங்க. அச்சகத்தில் படத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. முதலில் பதினோராம் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி போட்டுப் பார்த்து, சிவப்பு மையும் பென்சிலும் தனித்தனியாகத் தெரிந்தால் மட்டும் மீதிக்கு ஆர்டர் கொடுங்க.

மூல நோட்டு மறுபடி பரணுக்குப் போகக் கூடாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் இடையில் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைங்க. செய்தித்தாள் வேண்டாம், அதன் அமிலம் இதில் ஏறும். பீரோவில் நடுத் தட்டு நல்லது. மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவாக இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க. வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரைக்கு முன்னும் ஐப்பசி மழைக்குப் பின்னும், திறந்து மடிப்பில் பொடி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.